நாற்பதாம் வயதில் ஒரு கணக்கு



பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் இருபது இருபத்தைந்து வருஷம் கழித்து ஒருவரையொருவர் சந்தித்தால் என்ன பேசிக்கொள்கிறார்கள்? கலியாண வீட்டிலோ, திருநாள் சப்பரத்தின் பின்னாலோ எதிர்ப்பட்டதும், முதலில் தலை நரைத்ததைச் சொல்லிச் சிரிப்பார்கள். பிறகு கணக்கு ஆரம்பமாகும். என்ன உத்தியோகம், எத்தனை பிள்ளைகள், சொந்த வீடு உண்டா, தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள். வீடு திரும்பும் வழியில் ஒவ்வொருவரும் அந்தக் கணக்கைத் தம் மனதுக்குள் இன்னொரு தரம் போட்டுப் பார்ப்பார்கள். சிலருக்கு அதில் சந்தோஷம். பலருக்கு ஒரு பெருமூச்சு.

இப்படிப்பட்ட ஒரு கணக்கை 1853-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 23-ம் தேதி, இத்தாலி நாட்டுப் பீசா நகரத்தில் ஒரு நோயாளி காகிதத்தில் எழுதி வைத்தார். அன்று அவருக்கு 40 வயது நிறைந்தது. அவர் பாரீஸ் மாநகரத்துச் சர்வகலாசாலையில் பேர்பெற்ற பேராசிரியர். அன்புள்ள மனைவிக்குக் கணவர். 7 வயதுப் பெண் குழந்தைக்குத் தகப்பன். அவர் பெயர் பிரடெரிக் ஓசானாம். ஏழைகளின் வீடு தேடிப் போய் உதவி செய்யும் அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையை நீங்கள் அறிவீர்கள். அந்தச் சபை உண்டாவதற்கு முதற்காரணராக இருந்தவர் இவரே. அவர் அன்று போட்ட கணக்கு நமக்கும் பிரயோஜனமானது. ஆனால் அதை விளங்கிக்கொள்ள அவருடைய வாழ்க்கையை ஆதியிலிருந்து பார்க்கவேண்டும்.

தாயும் தகப்பனும்

பிரடெரிக் 1813-ம் வருஷம் ஏப்ரல் 23-ல் மிலான் நகரத்தில் பிறந்தார். தகப்பனார் முதலில் நெப்போலியன் படையில் சிப்பாயாக இருந்து, பின்பு வியாபாரம் செய்து, கடைசியில் வைத்தியரானவர். குடும்பம் விரைவிலேயே சொந்த நாடாகிய பிரான்சுக்குத் திரும்பி, லியோன் நகரத்தில் குடியேறியது. அந்த வீட்டில் 14 பிள்ளைகள் பிறந்தார்கள். வளர்ந்து ஆளானவர்கள் மூவரே. மூத்தவர் அல்போன்ஸ் குருவானார்; இளையவர் சார்ல்ஸ் வைத்தியரானார்; நடுவிலானவர் நம் பிரடெரிக். இத்தனை சவப்பெட்டிகளை அனுப்பிவைத்த வீட்டில் விசுவாசம் தளர்ந்துபோயிருக்கலாம். அது தளரவில்லை. தகப்பனார் ஏழை நோயாளிகளிடம் கூலி வாங்காமல் மருந்து கொடுத்து வந்தார். தாயாரும் நோயாளிகளைச் சந்தித்து வந்தார். வயது ஏறிய பிறகு, நாலாம் மாடிக்கு மேல் படி ஏறுவதில்லையென்று இருவரும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்களாம். ஒருநாள் அதற்கு மேலிருந்த ஒரு மாடியில், ஏழை வீட்டு வாசலில், இருவரும் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்டார்கள் என்று குடும்பத்தில் சொல்லுவதுண்டு.

பள்ளிக்கூடத்தில் வந்த சோதனை

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கும் சோதனை வந்தது. உயர்தரப் பள்ளியில் படிக்கும்போது, 15, 16 வயதில், பிரடெரிக்கின் மனதில் விசுவாசத்தைப் பற்றிய சந்தேகங்கள் எழுந்தன. கூடப் படித்தவர்களின் பேச்சு அவரைக் கலக்கிற்று. ராத்திரி தூக்கமில்லை. கோவிலில் முழந்தாளிட்டால் செபம் வரவில்லை. கடைசியில் சர்வேசுரனிடம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்: உண்மையைத் தமக்குக் காட்டினால், தம் வாழ்நாள் முழுவதையும் அந்த உண்மையின் ஊழியத்தில் செலவிடுவதாக நேர்ந்துகொண்டார்.

அந்தச் சமயத்தில் அவருக்குத் துணை நின்றவர் தத்துவசாஸ்திர ஆசிரியராகிய சங். நுவாரோ சுவாமியார். சுவாமியார் பையனை மிரட்டவில்லை. சந்தேகப்படுவது பாவமென்று வாயை அடைக்கவுமில்லை. லியோன் நகரத்தின் சுற்றுப்புறச் சாலைகளில் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தார்; கேள்விகளைக் கேட்கவிட்டார்; பொறுமையாகப் பதில் சொன்னார். மேகம் கலைந்தது. அன்று முதல் மரணபரியந்தம், சந்தேகத்தில் தவிக்கிறவர்களை ஓசானாம் ஒருபோதும் கேலி செய்ததில்லை. தாம் நடந்த இருட்டை அவர் மறக்கவில்லை.

பெற்றோர்களே, உயர்தரப் பள்ளியில் படிக்கும் உங்கள் மகனோ மகளோ கோவிலைப் பற்றிக் கடினமான கேள்வி கேட்டால், உடனே கோபிக்கவேண்டாம். கூட நடந்துபோக ஓர் ஆளைத் தேடிக்கொடுங்கள்.

பாரீஸ் நகரத்தில்

தகப்பனாருக்கு மகன் வக்கீலாகவேண்டும் என்று ஆசை. மகனுக்கோ இலக்கியத்திலும் சரித்திரத்திலும் பிரியம். ஆனாலும் தகப்பன் சொல்லைத் தட்டாமல், 1831-ம் வருஷம் 18 வயதில் சட்டம் படிக்கப் பாரீசுக்குப் போனார். அங்கே வேதத்தை இகழ்வது படித்தவர்களுக்கு அடையாளமாக இருந்த காலம். கூடப் பேச ஆளில்லாமல் மனமுடைந்திருந்த அவருக்கு, பெரிய விஞ்ஞானியான ஆம்பேர் தம் வீட்டில் இடம் கொடுத்தார். மின்சாரத்தை அளக்க ஆம்பியர் என்று சொல்லுகிறோமே, அது இவருடைய பெயரேதான். மனச்சோர்வோடு ஒருநாள் கோவிலுக்குள் நுழைந்த ஓசானாம், ஒரு மூலையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த கிழவரைப் பார்த்தாராம். உற்றுப் பார்த்தால் அவர் ஆம்பேர்! ஆயிரம் பிரசங்கங்கள் செய்யாததை அந்த ஜெபமாலை தமக்குச் செய்தது என்று ஓசானாம் பின்னால் நினைவுகூர்ந்ததாகச் சொல்லுவார்கள்.

மாணவர்கள் கூடிச் சரித்திரமும் தத்துவமும் பேசும் கூட்டம் ஒன்று இருந்தது. கத்தோலிக்கரும் மற்றவர்களும் அதில் வாதாடுவார்கள். ஒருநாள் எதிர்க்கட்சி வாலிபர் ஒருவர் ஒரு கேள்வி போட்டார். கிறீஸ்து வேதம் முன்காலத்தில் உலகத்துக்குப் பெரிய நன்மைகள் செய்தது மெய்தான். இப்பொழுது அது செத்த மரம். கத்தோலிக்கரென்று பெருமை பேசும் நீங்கள் இந்த நகரத்து ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

ஓசானாமிடம் பதில் இருந்தது. வாதத்தில் அவர் யாருக்கும் சளைத்தவரல்ல. ஆனால் கேள்வி அவருடைய மனச்சாட்சியில் குத்தியது. முந்தின வருஷந்தான், 1832-ல், பாரீசில் காலரா ஆயிரக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போயிருந்தது. அன்று மாலையே அவரும் அவருடைய தோழர் ஒருவரும், குளிர்காலத்துக்கென்று வைத்திருந்த விறகில் மீதியை எடுத்துக்கொண்டு ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று சபையின் சரித்திரம் சொல்லுகிறது.

1833-ம் வருஷம் ஏப்ரல் 23-ம் தேதி, ஓசானாமின் இருபதாவது பிறந்த நாளில், பத்திராதிபர் பாய்யி என்பவரின் அலுவலகத்தில் மாணவர் 6 பேர் அவரோடு கூடினார்கள். வயதில் மூத்தவராகிய பாய்யியே முதல் தலைவர். ஏழைகளை எங்கே தேடுவது, எப்படி உதவுவது என்று அந்த வாலிபர்களுக்குத் தெரியாது. ஆகையால் மூப்தார் தெருப் பகுதியில் ஏழைகளுக்குத் தாயாக விளங்கிய ரோசலி கன்னியாஸ்திரியாரிடம் போனார்கள். அந்த அம்மாள் குடும்பங்களின் ஜாபிதாவும், ரொட்டி வாங்கச் சீட்டுகளும் கொடுத்தார். ஏழையை வாசலில் நிறுத்திப் பேசாமல், அவன் வீட்டுக்குள் போய், அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பேச்சைக் கேட்கவேண்டும் என்று கற்பித்தார். மறுவருஷம் சபைக்கு அர்ச். வின்சென்ட் தே பவுலின் பெயர் வைக்கப்பட்டது.

எந்த அந்தஸ்து?

1836-ல் ஓசானாம் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்று, லியோனுக்குத் திரும்பி வக்கீல் தொழில் ஆரம்பித்தார். அது அவர் மனதுக்கு ஒட்டவில்லை. 1837-ல் தகப்பனார் ஏழை நோயாளி ஒருவரைப் பார்க்கப் போனபோது படிக்கட்டில் விழுந்து இறந்தார். குடும்ப பாரம் பிரடெரிக்கின் தோளில் விழுந்தது. 1839-ல் தாயாரும் காலமானார். அதே வருஷத்தில் இத்தாலிய மகாகவி தாந்தேயைப் பற்றி ஆராய்ச்சி எழுதி இலக்கிய டாக்டர் பட்டமும் பெற்றார். லியோனில் வியாபாரச் சட்டம் கற்பிக்கும் பதவியும் கிடைத்தது.

உத்தியோகம் கிடைத்தது, மனதில் நிம்மதி இல்லை. சந்நியாசியாவதா, சம்சாரியாவதா என்ற கேள்வி வருஷக்கணக்கில் அவரை வாட்டிற்று. அவருடைய சிநேகிதராகிய லக்கோர்தேர் சுவாமியார் அப்பொழுது பிரான்சில் அர்ச். சாமிநாதர் சபையை மறுபடியும் நாட்ட முயன்றுகொண்டிருந்தார். ஓசானாம் தம்மோடு வந்து சேருவாரென்று அவர் எதிர்பார்த்தார். ஆனால் பழைய ஆசிரியர் நுவாரோ சுவாமியார் அவருடைய சுபாவத்தை அறிந்து, மெய்விவாகமே அவருக்குத் தகுந்ததென்று புத்தி சொன்னார்.

1841-ம் வருஷம் ஜூன் 23-ல் லியோன் நகரத்தில் அமேலி சுலாக்ருவா என்ற பெண்ணை ஓசானாம் மணந்தார். அண்ணன் அல்போன்ஸ் சுவாமியாரே கலியாணத்தை நடத்திவைத்தார். இதைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. ஓசானாம் கண்ணியில் அகப்பட்டுக்கொண்டாரென்று லக்கோர்தேர் சுவாமியார் வருத்தப்பட்டாராம். அது ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசரின் காதுக்கு எட்டியபோது, சேசுநாதர் ஸ்தாபித்தது ஏழு தேவத்திரவிய அனுமானங்கள் என்றல்லவோ நினைத்திருந்தோம், ஆறு அனுமானமும் ஒரு கண்ணியுமா என்று சிரித்தாராம்.

கலியாணமான நாள் முதல், ஒவ்வொரு மாதமும் 23-ம் தேதி ஓசானாம் தம் மனைவிக்குப் பூக்கொத்து கொடுப்பார். ஒரு மாதமும் தவறியதில்லை. சாவதற்கு முந்தின மாதத்தில், நடக்கப் பலமில்லாத நிலையிலும் தவறவில்லை. நம் வீடுகளில் கலியாண நாளை வருஷத்துக்கு ஒரு தரமாவது நினைக்கிற கணவன்மார் எத்தனை பேர்?

சர்வகலாசாலையும் சந்துகளும்

1840-ல் நடந்த கடினமான போட்டிப் பரீட்சையில் ஓசானாம் முதலாவதாகத் தேறினார். பாரீஸ் சொர்போன் சர்வகலாசாலையில் அந்நிய நாட்டு இலக்கியங்களைக் கற்பிக்க இடம் கிடைத்தது. 1844-ல் அந்தப் பதவி நிரந்தரமாயிற்று. வகுப்புக்கு முன் முழந்தாளிட்டுச் செபம் செய்வார். தம் விசுவாசத்தை மறைக்கவுமில்லை. அதைக் காட்டி எவரையும் நோகடிக்கவுமில்லை. 1845-ல் மரி என்ற பெண் குழந்தை பிறந்தது.

பேர் பெருகியபோதும் ஏழைகளின் சந்துகளை அவர் விட்டுவிடவில்லை. ஒரு புதுவருஷ நாளில் நடந்ததைக் கேளுங்கள். அவர் சந்தித்து வந்த குடும்பம் ஒன்று, வறுமையினால் தங்கள் பழைய மர அலமாரியை அடகு வைத்திருந்தது. நல்ல நாட்களின் ஞாபகமாக அவர்களிடம் மிஞ்சியிருந்த பொருள் அது ஒன்றே. அதை மீட்டுக் கொடுக்க ஓசானாமுக்கு ஆசை. இப்போது வேண்டாமென்று மனைவி தகுந்த நியாயங்கள் சொன்னார், அவரும் ஒத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் குழந்தைக்கு வந்திருந்த பொம்மைகளையும் மிட்டாய்களையும் பார்த்து அவர் முகம் வாடியிருந்தது, ஒன்றையும் தொடவில்லை. காரணத்தை அறிந்த மனைவி, போய் மீட்டுவாருங்களென்று தாமே சொன்னார். அலமாரியை ஏழை வீட்டில் சேர்த்துவிட்டுத் திரும்பியபோதுதான் அவருக்குப் பண்டிகை வந்தது. அந்த மனைவியும் அந்தத் தருமத்தில் பங்காளி என்பதைக் கவனியுங்கள்.

1848-ல் பிரான்சில் புரட்சி எழுந்தது. ஜூன் மாதம் பாரீஸ் வீதிகளில் தொழிலாளரும் படைவீரரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். ஓசானாமும் நண்பர் இருவரும் அதிமேற்றிராணியார் ஆப்ர் ஆண்டகையிடம் போய், சமாதானம் பேசும்படி மன்றாடினார்கள். ஆண்டகை அதற்கு முன்பே அதை யோசித்திருந்தார். ஜூன் 25-ல் தடுப்புச் சுவர்களண்டையில் சமாதானம் பேசப் போனபோது குண்டு பாய்ந்து, இரண்டு நாள் கழித்து உயிர் விட்டார். அந்தச் சாவு ஓசானாமின் மனதில் ஆழப் பதிந்தது. ஏழைக்குத் தருமம் மட்டும் போதாது, நீதியும் வேண்டும் என்று அவர் பத்திரிகையில் துணிந்து எழுதினார். அதனால் கத்தோலிக்கரிலேயே பலர் அவரை ஏசினார்கள்.

பீசாவில் போட்ட கணக்கு

ஓயாத உழைப்பு உடம்பைத் தின்றுவிட்டது. சிறுநீரக வியாதி முற்றியது. 1852-ல் ஒருநாள், ஆசிரியர்கள் வகுப்பைக் கவனிப்பதில்லையென்று மாணவர்கள் கூச்சலிட்டதைக் கேள்விப்பட்டு, காய்ச்சலோடு படுக்கையிலிருந்து எழுந்து போய்ப் பாடம் நடத்தினார். சொர்போனில் அதுவே அவருடைய கடைசிப் பாடம். வைத்தியர்கள் தென் தேசத்துக்குப் போகச் சொன்னார்கள். 1853-ம் வருஷ ஆரம்பத்தில் மனைவி மகளோடு பீசாவுக்கு வந்து சேர்ந்தார். அங்கேயும் சும்மாயிருக்கவில்லை, அந்தப் பிரதேசத்தில் வின்சென்ட் சபைகள் எழும்பப் பாடுபட்டார். அதற்குள் பாரீசில் மட்டும் சுமார் 2000 அங்கத்தினர்கள் 5000 குடும்பங்களைச் சந்தித்து வந்தார்கள்.

அப்பொழுது வந்தது ஏப்ரல் 23. ஓசானாம் வேதாகமத்தில் எசேக்கியாஸ் அரசனுடைய சங்கீதத்தை வாசித்துக்கொண்டிருந்தார். தன் நாட்களின் நடுவிலே சாவு நெருங்கியதைக் கண்டு அழுத அரசன் அவன். காகிதத்தை எடுத்து எழுதலானார். முதலில் தமக்கு உண்டானவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார்: இளவயது மனைவி, அருமைக் குழந்தை, நல்ல சகோதரர்கள், தாயைப் போன்ற மாமியார், அநேக சிநேகிதர்கள், கௌரவமான உத்தியோகம், வெகுகாலம் உழைத்து இப்பொழுதுதான் உருவாகிவரும் பெரிய நூல். இவைகளையெல்லாம் விட்டுப்போகவேண்டுமா என்று சர்வேசுரனைக் கேட்டார்.

பிறகு, பள்ளிக்கூடத்தில் செய்தது போலவே, பேரம் பேசிப் பார்த்தார். முழுவதையும் கேட்கிறீரே, ஒரு பங்கு போதாதா? பேர் புகழ் ஆசையை விட்டுவிட்டால்? புத்தகங்களில் பாதியை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தால்? மீதி வாழ்நாளை ஏழைகளைச் சந்திப்பதிலும், தொழில் பழகும் பையன்களுக்கும் சிப்பாய்களுக்கும் போதிப்பதிலும் செலவழித்தால், மனைவியோடு சேர்ந்து முதுமையடையவும், மகளை வளர்த்து முடிக்கவும் விடமாட்டீரா என்று இந்தக் கருத்தில் வேண்டினார். பிரியமானவர்களே, இதை வாசிக்கும்போது அர்ச்சியசிஷ்டவர்கள் கல்லால் செய்யப்பட்டவர்களல்ல என்று தெரிகிறது. தகப்பனுடைய நெஞ்சு அது.

ஆனால் எழுதிக்கொண்டு போகும்போதே, தாம் நீட்டிய காணிக்கைகளில் தம் சொந்த ஆசை கலந்திருப்பதைக் கண்டுகொண்டார். ஆண்டவர் கேட்பது புத்தகங்களையல்ல, பதவியையல்ல, தம்மையே என்று உணர்ந்தார். அப்படியே தம்மை ஒப்புக்கொடுத்து முடித்தார். கணக்கு அங்கே தீர்ந்தது.

அன்றைய தினமே மரண சாசனமும் எழுதினார். அதில் தமக்காக வேண்டிக்கொள்ளும்படி குடும்பத்தாரையும் நண்பரையும் கெஞ்சினார். அவர் மோட்சத்திலிருக்கிறார் என்று யாராவது சொன்னால் அதை நம்பிச் செபத்தை நிறுத்திவிடவேண்டாமென்றும் கேட்டுக்கொண்டார். செத்தவர்களை உடனே மோட்சத்தில் வைத்துவிட்டுப் பூசை ஒப்புக்கொடுக்க மறந்துபோகும் நமக்கு இது நல்ல பாடம்.

கடைசி மாதங்களை அந்தீஞ்ஞானோ என்ற கடற்கரைக் கிராமத்தில் கழித்தார். தேவமாதாவின் பரலோக ஆரோபணத் திருநாளன்று மனைவியின் கையைப் பிடித்துக் கோவிலுக்கு நடந்துபோனார். அவ்வூர்ப் பங்குக் குருவும் மரணப்படுக்கையில் கிடந்த கிழவர். அவர் எழுந்துவந்து ஓசானாமுக்கு நன்மை கொடுத்தார். ஆகஸ்டு மாத முடிவில் அந்த வீட்டை விட்டுப் புறப்படும்போது ஓசானாம் தொப்பியைக் கழற்றி, அங்கே அனுபவித்த ஆறுதல்களுக்காகவும் வேதனைகளுக்காகவும் சேர்த்தே சர்வேசுரனுக்குத் தோத்திரம் செலுத்தினார். கப்பலில் மர்சேய் துறைமுகம் சேர்ந்து, அவஸ்தைப் பூசுதல் பெற்று, செப்டம்பர் 8-ல், தேவமாதா பிறந்த திருநாளன்று, இறந்தார். பாரீஸ் கார்மேல் கோவிலின் நிலவறையில் அவர் சரீரம் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. மனைவி அமேலி மறுமணம் செய்யாமல், அவர் நினைவைக் காத்து 1894 வரை வாழ்ந்தார். 1997-ம் வருஷம் ஆகஸ்டு 22-ல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் பாரீஸ் நோத்ர் தாம் தேவாலயத்தில் ஓசானாமுக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். ஏழு பேரோடு தொடங்கிய சபை இன்று சுமார் 150 நாடுகளில் ஏழைகளின் படியேறுகிறது.

நம் கணக்கு

நாற்பதைத் தாண்டிய நாம் நம்மைப் பார்த்துக்கொள்வோம். நாமும் எண்ணுகிறோம், ஆனால் அடுத்த வீட்டுக்காரனுடைய கணக்கோடு ஒத்துப்பார்ப்பதற்காக எண்ணுகிறோம். ஆகையால்தான் பெருமூச்சு வருகிறது. ஓசானாம் தம் கணக்கைக் கொடுத்தவரிடமே காட்டினார். அழுதார், பேரம் பேசினார், கடைசியில் திருப்பிக் கொடுத்தார். அவர் துறவியல்ல, வேதசாட்சியுமல்ல. உத்தியோகம் பார்த்துக் குடும்பம் நடத்திய மனிதர். 40 வருஷத்தில், பாதியில் நின்ற நூலோடு, வளர்ந்து முடியாத மகளை விட்டுப் போனார். அப்படியிருந்தும் அந்த வாழ்க்கை நிறைவடையாமற் போகவில்லை.

உங்கள் அடுத்த பிறந்த நாளிலோ, கலியாண நாளிலோ ஒரு காரியம் செய்யுங்கள். இரவு குடும்பச் செபம் முடிந்தபின், ஒரு துண்டுக் காகிதத்தில் உங்களுக்கு உண்டானவற்றை எழுதுங்கள்: தாய் தகப்பன், மனைவி மக்கள், பிழைப்பு, செய்து முடித்தது, முடியாமற்போனது. கீழே ஒரு வரி வெறுமையாக விடுங்கள். இதில் ஆண்டவர் என்னிடம் எதைக் கேட்கிறார் என்று யோசித்து, அந்த வரியை நிரப்புங்கள். அந்த வாரத்திலேயே ஓர் ஏழையின் வீட்டுக்குப் போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அவர் பேச்சைக் கேளுங்கள். கூடுமானால் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

முத்திப்பேறு பெற்ற பிரடெரிக் ஓசானாமின் மன்றாட்டினால் சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு